காரில் பொருத்தும் கணினிக்கான மின்வழங்கி

காரின் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கி, கணினியின் மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் வேண்டிய சீரான மின்னழுத்தங்களாக மாற்றிக் கொடுக்கும் கருவியே கார்க் கணினியின் மின்வழங்கி. கடையில் கார் பவர் சப்ளை என்றோ டிசி-டிசி கன்வெர்ட்டர் என்றோ கேட்க வேண்டும். வீட்டுக் கணினியின் மின்வழங்கி 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை எடுத்து 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக ஆக்குகிறது. காரில் இருப்பது தொடக்கத்திலேயே நேர்திசை மின்சாரம் என்பதால் வேலை எளிது போலத் தோன்றும். 2001ஆம் ஆண்டு தைவானின் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டைக் கொண்டுவந்த பிறகு, டேஷ்போர்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் முழுக் கணினியை அடக்கும் பழக்கம் ஆர்வலர்களிடையே பரவியது. பாட்டையும் வழிகாட்டி வரைபடத்தையும் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்ட பின்னும் கார்க் கணினி மறைந்துவிடவில்லை. காவல் ரோந்து வாகனம், கேமராப் பதிவு வைத்திருக்கும் பேருந்து, சாலை அளக்கும் வண்டி, நடமாடும் மருத்துவ ஊர்தி என்று இடம் மாறியிருக்கிறது. வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே: எத்தனை வாட்? விடை காண எளிதான கேள்வி என்பதால்தான் அது முதலில் வருகிறது போலும். காரில் கணினிக்கு வரும் தொல்லைகளோ வேறு இரண்டு நேரங்களில் வருகின்றன: வண்டி செல்ஃப் எடுக்கும் அந்த ஒரு விநாடி, சாவியை உருவிய பிறகான சில நிமிடங்கள். அந்த இரண்டு நேரங்களிலும் மின்வழங்கி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை. வாட் கணக்கை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இருந்தாலும் இங்கே அந்தக் கணக்கை முதலில் முடித்துவிட்டால் மனம் நிம்மதியாகும். 35 வாட் வெப்ப வரம்புள்ள பிராசசர் ஒன்று, மதர்போர்டுக்கும் மெமரிக்கும் 15 வாட், எஸ்எஸ்டிக்கு 4 வாட், யுஎஸ்பி 2 துளைகள் நான்கிலும் அரை ஆம்பியர் வீதம் எடுத்தால் 10 வாட். எல்லாம் சேர்ந்து 64. ஏழு அங்குலத் திரையையும் இதே மின்வழங்கியில் மாட்டினால் இன்னொரு பத்து வாட். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பது அரிது. சும்மா இருக்கும்போது இதே கணினி இருபது வாட் சுற்றளவில் முடித்துக்கொள்ளும். பழைய மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளுக்கு 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் வரை கேட்கும். அதைச் சேர்த்தாலும் 120 வாட் மின்வழங்கியில் தாராளமாக இடம் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை போடுபவருக்குத்தான் 250 வாட்டும் அதற்கு மேலும் தேவை. பெரிய வாட் வாங்கினால் பாதுகாப்பு கூடும் என்று சொல்வார்கள். ஓரளவு இடைவெளி நல்லதுதான். ஆனால் 500 வாட் என்று அச்சிட்ட கருவி, பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கும்போது அணைந்துபோனால், அந்த நேரத்தில் அது கொடுப்பது பூஜ்யம் வாட்.

12 வோல்ட் என்ற சொல்லே இங்கே பெரிய ஏமாற்று. ஆறு செல்களை வரிசையாகக் கோத்த ஈய அமில பேட்டரி, முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதால் மின்னழுத்தம் 13.8 முதல் 14.4 வரை ஏறும். சரியாக 12 வோல்ட்டில் நின்றால் அந்த பேட்டரி பாதிக்குமேல் காலி என்று பொருள். கணினியின் பக்கமோ விதி கறாரானது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறை 12 வோல்ட் கம்பியில் ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கத்தைத்தான் ஏற்கிறது, அதாவது 11.4 முதல் 12.6 வரை. சாதாரணமாக ஓடும் காரின் 14.2 வோல்ட் இந்த வரம்பைத் தாண்டி, 12 வோல்ட்டுக்குப் பதினெட்டு விழுக்காடு மேலே நிற்கிறது. கார் நல்ல நிலையில் இருப்பதே கணினிக்கு மிகை அழுத்தம்.

இதைக் கவனிக்காமல் வாங்கப்படுபவை 12 வோல்ட் சீரான உள்ளீடு கேட்கும் சிறு அட்டைகள். மினி-பாக்ஸ் நிறுவனத்தின் பிகோபிஎஸ்யூ இவற்றில் புகழ்பெற்றது. மதர்போர்டின் மின் செருகியிலேயே உட்கார்ந்துவிடும் அளவுக்குச் சிறியது. கச்சிதமாகச் செய்யப்பட்ட நல்ல பொருள். ஆனால் அதன் வழக்கமான 12 வோல்ட் வகை 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மட்டும் உருவாக்குகிறது. 12 வோல்ட் கம்பியை வந்தபடியே உள்ளே அனுப்பிவிடுகிறது. மேசையில், சீரான 12 வோல்ட் அடாப்டருடன் அது குறையில்லாமல் உழைக்கும். காரில் நேரடியாக மாட்டினால் 14.4 வோல்ட் அப்படியே டிஸ்க்கின் மோட்டாருக்கும் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதிக்கும் போகும். அப்படி மாட்டியும் மாதக்கணக்கில் ஓடுகிறதே என்பவர்கள் உண்டு. ஓடும், பல உறுப்புகள் 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகளுடன் வருகின்றன, அந்த ஓரத்து இடைவெளியில் அவை பிழைத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளி வண்டியின் அதிர்ச்சிகளுக்காக வைக்கப்பட்டதல்ல. அதே நிறுவனம் காருக்கென்றே எம்2-ஏடிஎக்ஸ், எம்4-ஏடிஎக்ஸ் என்ற வகைகளைத் தனியாகச் செய்திருப்பதே இதற்குப் போதுமான சான்று. முன்னது 160 வாட், 6 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும். பின்னது 250 வாட், 6 முதல் 30 வரை. 12 வோல்ட் அடாப்டருடன் வரும் இன்றைய மினி பிசிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடாப்டர் தரும் 12 வோல்ட் வேறு, கார் தரும் 12 வோல்ட் வேறு.

கீழ்ப்பக்கம் நடப்பது இன்னும் கடுமை. செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கிறது. நல்ல பேட்டரியுள்ள பெட்ரோல் காரில் மின்னழுத்தம் 9, 10 வோல்ட்டுக்கு இறங்கி, மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் கணத்தில் அதற்கும் கீழே ஒரு குழி விழும். பேட்டரி வயதாகியிருந்தாலும் குளிரில் உறைந்திருந்தாலும் 6, 7 வரை போகும். வாகன மின்கருவிகளைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 16750-2 தரம் இந்தக் குழியை நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறது. அவற்றில் மிகக் கடுமையானது 3 வோல்ட் வரை இறங்குகிறது. வீட்டு மின்வழங்கி உள்ளீடு அற்றுப்போனால் தன்னிடம் தேங்கியதை வைத்துச் சுமார் 16 மில்லிவிநாடி சமாளிக்க வேண்டும் என்பதே ஏடிஎக்ஸ் எதிர்பார்ப்பு. செல்ஃப் எடுக்கும் நேரம் அரை விநாடியிலிருந்து சில விநாடி வரை. ஆகவே தேங்கிய மின்சாரத்தை நம்பிப் பயனில்லை. உள்ளீடு தேவையைவிடக் குறைந்தால் அதை உயர்த்தியும், மிஞ்சினால் தாழ்த்தியும் தரக்கூடிய இருவழி மின்சுற்று வேண்டும். அழுத்தத்தைத் தாழ்த்த மட்டும் தெரிந்த கருவியால் 9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டை உண்டாக்க முடியாது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பும் வசதி இப்போது சிறிய கார்களிலும் வந்துவிட்டது. காலையில் ஒருமுறை நேர்ந்த இந்தக் குழி நகரப் பயணத்தில் பத்து இருபது முறை நேர்கிறது. கிளம்பியதும் கணினி மறுபடி பூட் ஆகிக்கொள்ளட்டுமே என்று விட்டுவிடுவது முன்பு ஒரு வகையில் செல்லுபடியான சமாதானம். இந்த வண்டிகளில் அது செல்லாது.

இந்த இடத்தில் கம்பியும் மின்வழங்கியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சீரான வெளியீட்டைக் காக்கும் எந்தக் கருவியும் உள்ளீட்டு அழுத்தம் குறையக் குறைய அதிக மின்னோட்டத்தை இழுக்கும். எழுபது வாட் வெளியீட்டுக்கு, தொண்ணூறு விழுக்காடு திறனில், 78 வாட் உள்ளே வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டில் அது 5.6 ஆம்பியர். செல்ஃப் எடுக்கும்போது 7 வோல்ட்டில் 11 ஆம்பியர். பானெட்டிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுத்திருந்தால் அதன் தடை 0.086 ஓம். பதினொரு ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் கம்பியிலேயே கரைகிறது. கருவிக்கு 6 வோல்ட் போல வரும், அது குறைந்ததை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், இழப்பும் கூடும், கடைசியில் 5.85 வோல்ட் அருகில் போய் நிற்கும். பேட்டரி முனையில் 7 வோல்ட் இருந்தும், 6 வோல்ட்டுக்குக் கீழே அணையும் கருவி அணைந்துவிடும். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு கால் வோல்ட்டோடு முடிகிறது. கருவி சரியில்லை என்று கடைக்குத் திரும்பிப் போகும் முன் கம்பியைப் பார்ப்பது நல்லது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதில் உள்ள வில்லங்கமும் இதுவே: அதன் கம்பி மெலிது, செருகியின் பிடிமானம் நிச்சயமில்லாதது, பல கார்களில் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அந்தச் சாக்கெட்டே துண்டிக்கப்படுகிறது. பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, பேட்டரி முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ். அந்த ஃபியூஸ் கணினியைக் காப்பதற்கல்ல. வழியில் கம்பி உரசிப் பாடியைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்கு.

மேல்பக்க ஆபத்துகளில் இரண்டைச் சொன்னால் போதும். ஆல்டர்னேட்டர் வேகமாகச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது துருப்பிடித்த பேட்டரி முனை கழன்றால், போக இடமில்லாத மின்சாரம் அழுத்தமாக எழும். அடக்கும் டையோடு இல்லாத பழைய ஆல்டர்னேட்டருக்கு ஐஎஸ்ஓ தரம் வைக்கும் சோதனை 79 முதல் 101 வோல்ட் வரை, 400 மில்லிவிநாடி வரை. அடக்கும் ஏற்பாடு உள்ளே இருந்தால் 35 வோல்ட்டோடு நிற்கும். அரிதான நிகழ்வுதான். அடுத்தது அவ்வளவு அரிதல்ல: செத்த பேட்டரிக்கு லாரியிலிருந்து 24 வோல்ட் கொடுத்துக் கிளப்புவது. ஒரு நிமிடம் 24 வோல்ட் தாங்க வேண்டும் என்று தரமே கேட்பதற்குக் காரணம் உலகெங்கும் மெக்கானிக்குகள் இப்படிச் செய்வதுதான். லாரியிலேயே கணினி வைப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 24 வோல்ட் வண்டி ஓடும்போது 28 வோல்ட்டைத் தாண்டும். 24 வரை ஏற்கும் கார்க் கருவி அங்கே முதல் நாளே போய்விடும். 30 வரை ஏற்பதுகூட நூலிழையில்தான் நிற்கும். 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் தொழிற்சாலை வகைக் கருவிகளே லாரிக்கு உரியவை.

சாவியை உருவியதும் தொடங்கும் நேரத்துக்கு வருவோம். ரேடியோவைப் போலக் கணினியைப் பட்டென்று அணைக்க முடியாது. கோப்புகளை மூடி, டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் அது படுக்கும். கார் மின்வழங்கிக்கு அதனால்தான் மூன்று கம்பிகள்: எப்போதும் உயிரோடிருக்கும் பேட்டரிக் கம்பி, எர்த், சாவியோடு உயிர் பெறும் இக்னிஷன் கம்பி. சாவி போட்டதும் கருவி ஓரிரு விநாடி பொறுத்து, மதர்போர்டின் பவர் பட்டன் முனைகளில் ஒரு தட்டுத் தட்டுகிறது. சாவி எடுத்ததும் அதே இடத்தில் மறுபடி ஒரு தட்டு. விண்டோஸோ லினக்ஸோ அதை அணைக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு கெடு. கெடு முடிந்ததும், கணினி ஒழுங்காக அணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து வோல்ட் காத்திருப்புக் கம்பி உட்பட எல்லாவற்றையும் கருவி துண்டித்துவிடும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வரிசையில் கண்ணி பல. செல்ஃப் அடிக்கும்போது இக்னிஷன் கம்பியே ஒரு விநாடி செத்துப் பிழைக்கும் கார்கள் உண்டு. அதைச் சாவி எடுத்ததாக நம்பும் கருவி, வண்டி கிளம்பிய கையோடு கணினியை அணைக்கும். ஓட்டுநர் இறங்குமுன் தானே கணினியை அணைத்திருந்தால், சாவி எடுத்ததும் வரும் தட்டு அதை மறுபடி எழுப்பிவிடும். பாதி பூட் ஆன நிலையில் கெடு வந்து கழுத்தை அறுக்கும். கணினி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டும் கருவிக்கே இந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸ் புதுப்பிப்பை நிறுவிக்கொண்டே அணையும் நாளில் நாற்பத்தைந்து விநாடிக் கெடு போதாது, ஐந்து நிமிடமும் போதாமல் போகலாம். ஆகவே கெடு எவ்வளவு என்பதைவிட அதை மாற்றிவைக்க முடியுமா என்பதே கேட்க வேண்டியது. அட்டையின் மேல் சின்னஞ்சிறு ஜம்பர்களோ, யுஎஸ்பி வழி அமைப்பு மென்பொருளோ இருந்தால் சரி. இரண்டும் இல்லாத கருவியை அது எத்தனை வாட்டானாலும் ஒதுக்கலாம்.

அணைத்து எழுப்புவது மெதுவாக இருக்கிறது என்று சிலர் கணினியைத் தூங்க மட்டும் வைப்பார்கள். அந்தத் தூக்கத்துக்கு மெமரி உயிரோடிருக்க வேண்டும்; பேட்டரியிலிருந்து இரண்டரை வாட் போகும் என்று வைத்தால் ஏறக்குறைய 0.2 ஆம்பியர். சிறிய ஹேட்ச்பேக்கின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செல்ஃபுக்கு ஒதுக்கிவிட்டால் மிச்சம் எண்பத்தேழு மணி நேரம், மூன்றரை நாள். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை வண்டி எடுப்பது சந்தேகம். இதைத் தடுக்கத்தான் குறை அழுத்தத் துண்டிப்பு இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். அந்தத் துண்டிப்பு எத்தனை வோல்ட்டில் நடக்கிறது என்று கேட்க வேண்டும். பல அட்டைகளில் அது 11 வோல்ட் சுற்றளவு. கணினி முழு வேகத்தில் ஓடும்போது அந்த எண்ணுக்கு ஒரு நியாயம் உண்டு. தூங்கும் கணினியின் கால் ஆம்பியர்கூட இல்லாத சுமையில், 11 வோல்ட் காட்டும் ஈய பேட்டரி முற்றிலும் தீர்ந்த பேட்டரி, 12.2 வோல்ட்டிலேயே பாதி தீர்ந்துவிட்டது, 11.9க்கு வரும்போது செல்ஃப் எடுக்கும் தெம்பு போய்விட்டது. செல்ஃபுக்கென்று செய்த பேட்டரியை அந்த அளவுக்கு வற்ற விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் ஆயுளும் குறையும். பதினொரு வோல்ட் துண்டிப்பு கணினியைக் காக்கிறது, காரைக் காப்பதில்லை. தூங்க வைக்க விரும்புபவர் துண்டிப்பை 12 வோல்ட் அருகில் வைக்கக்கூடிய கருவியையோ, சில மணி நேரம் கழித்துக் காத்திருப்புக் கம்பியையும் அறுத்துவிடும் கருவியையோ வாங்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு, இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி வீட்டு மின்வழங்கியையே வைத்துவிடலாமே என்பது எப்போதும் வரும் மறுப்பு. விலை குறைவு, கடையெங்கும் கிடைக்கும், 230 வோல்ட்டில் வேறு சாமானும் ஓட்டலாம். ஆனால் 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்கும் இந்தச் சுற்றில், இன்வெர்ட்டர் 85 விழுக்காடு, மின்வழங்கி 80 விழுக்காடு என்று நல்ல எண்களைப் போட்டாலும் கைக்கு வருவது 68 விழுக்காடு. மிச்சம் சீட்டுக்கு அடியில் சூடாகிறது. சுமையே இல்லாதபோதும் இன்வெர்ட்டர் சில வாட்டைத் தின்னும். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10 வோல்ட் பக்கம் வந்ததும் கூவி அணைவதால் செல்ஃப் எடுக்கும் குழியில் விழுந்துவிடும். முக்கியமாக, சாவியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்யும் படப்பிடிப்பு வேனுக்கோ முகாம் வண்டிக்கோ இன்வெர்ட்டர் பொருத்தமானதே. ஓடி நின்று ஓடும் காரில் அது குறையின் இரண்டு முனைகளையும் அப்படியே விட்டுவைக்கிறது.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். செல்ஃப் எடுக்கும் ஒரு விநாடிதான் பிரச்சினை என்றால், டையோடு ஒன்றுக்குப் பின்னால் பெரிய மின்தேக்கி வைத்துச் சமாளிக்கலாம் அல்லவா? கணக்கு ஒத்துவருகிறது. 78 வாட்டை ஒரு விநாடி தாங்க 78 ஜூல் வேண்டும். 12 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டுக்கு இறங்கும் மின்தேக்கி ஒரு ஃபாரடுக்கு 40 ஜூல் தரும். ஆக இரண்டு ஃபாரடு. கார் ஆடியோக் கடைகளில் ஒரு ஃபாரடு மின்தேக்கிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ரிலேயால் பிரித்த இரண்டாவது பேட்டரியும் இதே வேலையைச் செய்யும், இன்னும் நெடுநேரம் செய்யும். இவை உண்மையான தீர்வுகள். ஆம்புலன்ஸ் போன்ற வண்டிகளில் இரண்டாவது பேட்டரி நியாயமான செலவும்கூட. ஆனால் மின்தேக்கி 14.4 வோல்ட்டைக் குறைப்பதில்லை, கணினியை ஒழுங்காக அணைப்பதுமில்லை. குழியை நிரப்பிவிட்டு மற்ற வேலைகளுக்கு மறுபடி ஒரு கருவி தேட வேண்டியிருக்கும் என்றால், அந்தக் கருவியே குழியைத் தாண்டுவதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர் சிரிப்பார். அதற்குள் பேட்டரி இருக்கிறது. குழியும் தெரியாது, கெடுவும் தெரியாது. காவல் வாகனங்கள் பலவற்றில் முரட்டு லேப்டாப்பையே பிடிமானத்தில் பூட்டிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யுஎஸ்பி-சி வழியாக 20 வோல்ட்டில் 100 வாட் வரை தரும் கார் சார்ஜர்கள் வந்த பிறகு இந்த வழி மலிவாகவும் ஆகிவிட்டது. ஓட்டுநர் இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லும் கணினிக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரிலேயே கிடக்கும் கணினிக்கு அது பொருந்தாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது பொதுவாக ஆகாது; கத்திரி வெயிலில் மூடிய கார் அந்த எண்ணைக் கடந்து வெகுதூரம் போய்விடும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளின் சங்கதி வேறு. ஐந்தாம் பதிப்புக்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். வாட் கணக்கில் ஒன்றுமில்லாதது. இருந்தும் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது குறை அழுத்த எச்சரிக்கை காட்டும், எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடும். இருபத்தைந்து வாட் கணினிக்கும் அதே இரண்டு நேரங்கள்தான் எமன் என்பது, வாட் முதல் கேள்வியாகாது என்பதற்கு நேரான சாட்சி. கார்டை எழுதவே இடம் தராமல் வாசிப்புக்கு மட்டும் திறந்துவைப்பது மென்பொருளால் செய்யும் ஒரு மாற்று. பட்டென்று அணைந்தாலும் இழக்க எதுவும் இராது. அணைக்கும் வரிசையற்ற எளிய கருவியே அப்போது போதும். பதிவு வைக்க வேண்டாத வழிகாட்டித் திரைக்கு இது சரிவரும். கேமராப் பதிவு வைக்கும் பேருந்துக்கு வராது.

வெப்பத்தையும் இரைச்சலையும் சுருக்கமாகச் சொல்லலாம். மின்பகு மின்தேக்கியின் ஆயுள், சூடு பத்து டிகிரி குறையும்போதெல்லாம் இருமடங்காகும் என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்த உறுப்பு 75 டிகிரியில் 16,000 மணி நேரம் உழைக்கும். 85 டிகிரி வகையானால் அதே 75இல் 4000தான். வெயில் நேராக விழும் டேஷ்போர்டுக்கு உள்ளே வைப்பதைவிடச் சீட்டுக்கு அடியில் காற்று போக வைப்பது நல்லது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் எழும் ஊளைக்கு மின்வழங்கியைக் குற்றம் சொல்வார்கள். கணினிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் வெவ்வேறு இடங்களில் பாடி எர்த் எடுத்திருப்பதே அதற்கு வழக்கமான காரணம். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் துணை பேட்டரி உண்டு. உயரழுத்த பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் அதைச் சார்ஜ் செய்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாததால் செல்ஃப் குழியும் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லாததால் அதன் பாய்ச்சலும் இல்லை. அந்தக் காருக்கு 6 வோல்ட் வரை இறங்கும் கருவி கட்டாயமில்லை. கார் அணைந்த பிறகான நேரம் மட்டும் அங்கே இன்னும் நெருக்கடியானது: துணை பேட்டரி வற்றினால் காரின் கட்டுப்பாட்டுக் கணினிகள் எழாது, கீழே பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் வண்டி நகராது. இன்றைய பெட்ரோல் காரோ நாளைய மின்சாரக் காரோ, அணைக்கும் ஒழுங்கு இரண்டிலும் வேண்டியதாக இருக்கிறது.

வாங்கும்போது விவரத்தாளில் ஒரு வரியைத் தவறாமல் தேடுங்கள். உள்ளீடு 6 வோல்ட் முதல் என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் பல அட்டைகள், அந்த 6 வோல்ட்டில் முழு வாட்டைத் தருவதில்லை. அடிமட்டத்தில் எத்தனை ஆம்பியர் வரை இழுக்கும் என்ற சிறிய அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருக்கும். உங்கள் கணினியின் தேவை அந்த அட்டவணையின் கீழ் வரிக்குள் அடங்க வேண்டும். அட்டவணையே கொடுக்காத கருவியை, அதன் பெட்டியில் எத்தனை வாட் அச்சிட்டிருந்தாலும், வாங்க வேண்டாம்.